அடிபிடித்த பாத்திரமும் அவசரக் கைகளும்



இல்லத்தில் அடிக்கடி நேரும் சிறு இழப்புகளுள் அடிபிடித்த பாத்திரமும் ஒன்று. பாலை அடுப்பில் வைத்த வேளையில்தான் வாயிலில் யாரோ அழைக்கின்றனர். குழந்தை விழித்து அழுகின்றது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடங்களை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கின்றது. திரும்பி வருவதற்குள் தீய்ந்த நாற்றம் வீடெங்கும் பரவிவிடுகின்றது. இதனைப்பற்றி ஒரு திங்களிதழில் எழுத என்ன இருக்கின்றது என்று சிலர் வினவக்கூடும். இருக்கின்றது. பாத்திரம் கருகுவதால் வரும் நட்டம் சிறிது. அக்கருகலை அரைமணி நேரத்தில் போக்கிவிட வேண்டும் என்னும் அவசரத்தில், கைக்கு அகப்பட்ட அமிலத்தையும் காரத்தையும் ஊற்றுவதால் கண்ணுக்கும் கைக்கும் நுரையீரலுக்கும் வரும் கேடு பெரிது.

எனவே, எவர்சில்வர் பாத்திரத்தில் பற்றிய கருகலைத் தீங்கின்றி நீக்கும் முறையை அதன் காரணங்களோடு இத்திங்கள் எடுத்துரைக்க விழைகின்றோம். காரணம் விளங்கினால் முறை எளிதில் மறவாது.

எவர்சில்வர் ஏன் அடிபிடிக்கின்றது?

நாம் எவர்சில்வர் என்று வழங்கும் உலோகம் துருப்பிடிக்காத எஃகு ஆகும். இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் 1913-இல் குரோமியம் கலந்த இத்தகைய எஃகை வார்த்தெடுத்தார். இரும்போடு குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் கலந்தால் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. நல்ல சமையல் பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது என்பதே அதன் பொருள்.

துருவைத் தடுப்பது எது? குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பாத்திரத்தின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றது. கண்ணுக்குப் புலப்படாத அப்படலமே பாத்திரத்தின் கவசம். ஓரிடத்தில் அது கீறப்பட்டாலும், அவ்விடம் தூய்மையாக இருந்து காற்றுப் பட்டால் தானே மீண்டும் உண்டாகிவிடும். இதனை நினைவிற் கொள்க. பாத்திரத்தைத் துலக்குவது என்பது கருகலை நீக்கி இக்கவசத்தைக் காப்பதே அன்றி, கருகலோடு கவசத்தையும் உரித்தெடுப்பதன்று.

இவ்வளவு உயர்ந்த உலோகத்திற்கும் ஒரு குறை உண்டு. அது வெப்பத்தை விரைந்து பரப்புவதில்லை. செம்பு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கையே அது கடத்தும். ஆகையால் நெருப்பு நேரே படும் இடம் மட்டும் மிகுதியாகச் சூடேறுகின்றது. பக்கத்து இடத்திற்கு அச்சூடு பரவுவதில்லை. அந்தச் சூடான வட்டத்தில் மாவும் சர்க்கரையும் பாலின் புரதமும் படிந்து முதலில் பழுப்பாகின்றன, பின்னர்க் கரியாகின்றன. கருகிய பாத்திரத்தைக் கவனித்தால், அடுப்பின் சுடர் வட்டம் எப்படியோ அப்படியே கரி வட்டமும் அமைந்திருக்கக் காணலாம். சில பாத்திரங்களின் அடியில் செம்பு பூசியோ அலுமினியத் தகடு பொருத்தியோ செய்வது இக்குறையைப் போக்கவே.

இனிப்பான நீரை எவர்சில்வர் கலத்தில் நெடுநேரம் கொதிக்க வைப்போர் இதனை நன்கு அறிவர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் தம் இல்லத்திலேயே பார்லியிலிருந்து பீர் காய்ச்சுகின்றனர். இங்கிலாந்தில் அதற்கு உரிமம் பெற வேண்டும் என்றிருந்த விதி 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், சொந்தப் பயனுக்காகக் காய்ச்சுவோருக்கு வரிவிலக்கு அளித்தது. நம் தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அதனை நாம் பரிந்துரைக்க வரவில்லை. அவர்கள் பாத்திரத்திலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு என்பதனாலேயே குறிப்பிடுகின்றோம்.

முளைகட்டிய பார்லியின் சாற்றைத் தேன்போல் கெட்டியாக்கி விற்கின்றனர். ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் கலத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அச்சாற்றை அதில் சேர்ப்பர். அது நீரைவிடக் கனமானது. ஆகையால் ஊற்றியவுடன் அடியில் சென்று படிந்து, கலக்குமுன்னரே தீய்ந்துவிடும். காய்ச்சியது முழுவதிலும் அந்தத் தீய்ந்த சுவை ஏறிவிடும். பிறகு எதனாலும் போகாது. எனவே அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றை ஊற்றி, முற்றும் கரையுமட்டும் கலக்கி, அதன் பின்னரே மீண்டும் பற்றவைக்க வேண்டும் என்பது அவர்கள் கற்கும் முதற்பாடம். பாயசத்திற்கு வெல்லம் சேர்ப்போருக்கும், கஞ்சிக்கு மாவு கரைத்து ஊற்றுவோருக்கும் இப்பாடம் அப்படியே பொருந்தும். கலம் கருகிவிட்டாலோ, அவருள் அறிந்தோர் அதனைச் சுரண்டுவதில்லை. சுரண்டிய கீறல்களில் அழுக்குத் தங்கி அடுத்த முறை காய்ச்சுவதைக் கெடுக்கும் என்பதால், சூடான காரநீரில் இரவு முழுவதும் ஊறவிடுகின்றனர். நாம் சொல்லவிருக்கும் முறையும் அதுவே.

கருகலை நீக்கும் முறை

முதலாவது, அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைத் தானே ஆறவிடுக. தகதகவென்று காய்ந்திருக்கும் வெறும் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஆவி சீறி எழுந்து முகத்தைச் சுடும். பாத்திரத்தின் அடியும் கோணிப்போகும். எண்ணெய் தீப்பற்றியிருந்தால் நீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டொன்றால் மூடி, ஆறும்வரை திறவாதிருக்க வேண்டும்.

உணவு முழுவதும் கெடாமல் அடி மட்டும் பிடித்திருந்தால், மேலே உள்ளதை அகப்பையால் மெல்ல எடுத்து வேறு பாத்திரத்திற்கு மாற்றுக. அடியைக் கிளறினால் எல்லாம் தீய்ந்த மணம் ஏறிவிடும்.

இரண்டாவது, ஆறிய பாத்திரத்தில் வெந்நீரும் சிறிது பாத்திரம் துலக்கும் சோப்பும் இட்டு, சில மணி நேரம் ஊறவைக்க. பிறகு மரக்கரண்டியால் தள்ளினால் இளகியவையெல்லாம் வந்துவிடும். மெல்லிய காந்தலுக்கு இதுவே போதும்.

மூன்றாவது, கரி எஞ்சியிருந்தால் ஆப்பசோடாவைத் துணைக்கொள்க. பாத்திரத்தில் பாதியளவுக்கு மேற்படாமல் குளிர்ந்த நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் ஆப்பசோடாவைக் கரைக்க. நீர் கொதித்த பின் சோடாவைக் கொட்டினால் நுரைத்துப் பொங்கி மேலே வழியும். ஆகையால் முதலிலேயே கரைப்பது நன்று. சிறு தணலில் 15 நிமிடம் கொதிக்கட்டும். அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும். நீர் வற்றிவிட்டால் இரண்டாம் முறையும் அடிபிடித்த கதையாகும். பின்னர் அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுக.

இதில் நிகழ்வது என்ன? ஆப்பசோடா மென்மையான காரம். கொதிக்கும்போது அதன் ஒரு பகுதி கரியமிலவாயுவை விட்டு, சலவைச் சோடாவாக மாறுகின்றது. அந்தக் காரம் கொழுப்பைச் சோப்பாக்குகின்றது. புரதத்தை ஊதச் செய்து தளர்த்துகின்றது. கரி கரைவதில்லை, ஆனால் கரியைப் பாத்திரத்தோடு பிணைத்திருக்கும் பிசின் இளகுகின்றது. மறுநாட் காலையில் அது தகடு தகடாகப் பெயர்ந்து வருவதைக் காணலாம். இங்கே வேலை செய்வது பெரும்பாலும் நேரமே. நம் தோள்வலிமை அன்று.

நான்காவது, இன்னும் ஒட்டியிருப்பதை ஆப்பசோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, தேங்காய் நாரினாலோ பீர்க்கங்காய்க் கூட்டினாலோ தேய்க்க. போகாவிட்டால், சோடா நீரை மாற்றி மீண்டும் ஒருமுறை கொதிக்க வைக்க. மிகத் தடித்த கருகலுக்கு இரண்டு மூன்று இரவுகள்கூடத் தேவைப்படலாம். அதற்குள் வேறு பாத்திரத்தில் சமைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

இதற்கும் மசியாதவற்றிற்கு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைக்கலாம். சோடியம் பெர்கார்பனேட் என்னும் தூளையும் இதற்குப் பயன்படுத்துவர். அது வெந்நீரில் சோடாவாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து கறையை நீக்கும். வாயு வெளிப்படுவதால் அக்கரைசலை இறுக மூடி வைத்தல் கூடாது. இவ்விரண்டையும் கையாளும்போது ரப்பர் கையுறை அணிதல் வேண்டும். கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஐந்தாவது, பாத்திரத்தை நன்கு அலசிய பிறகு, வெண்திட்டுகளோ வானவில் போன்ற நிறமோ தெரிந்தால், சிறிது எலுமிச்சைச் சாற்றாலோ வினிகராலோ துடைத்து உடனே கழுவுக. வெண்திட்டு, நீரிலும் பாலிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தின் படிவு. வானவில் நிறம், மிகுந்த சூட்டினால் மேற்படலம் சற்றுத் தடித்ததன் விளைவு, அதனால் தீங்கில்லை. முடிவில் வெறும் நீரை ஒருமுறை கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு, துணியால் துடைத்து, காற்றுப்படக் கவிழ்த்து வைக்க.

நம் பாட்டியர் பித்தளைப் பாத்திரங்களைச் சாம்பலாலும் புளியாலும் துலக்கினர். விறகுச் சாம்பல் காரம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். புளி அமிலம்; அது களிம்பை எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை உண்டு. இந்நாளில் சிலர் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கும் நுரையைக் கண்டு மகிழ்கின்றனர். அந்நுரை, காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழிப்பதன் அடையாளம். எஞ்சுவது ஏறக்குறைய உப்புநீர் போன்றதே. ஆகவே முதலில் சோடா. அதைக் கழுவிய பின் எலுமிச்சை. இரண்டும் ஒருசேர வேண்டா.

எதற்குச் சோடா ஆகாது?

மேற்கூறியவை எவர்சில்வருக்கே உரியவை. அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்க வைத்தால் அது கறுத்து அரிக்கப்படும். அதற்குப் புளிநீரையோ எலுமிச்சைத் தோலையோ சிறிது நேரம் கொதிக்க வைப்பதே தக்கது. நம் இல்லங்களிலுள்ள பிரஷர் குக்கர்களுள் பல அலுமினியத்தாலானவை என்பதை மறவற்க. எவர்சில்வர் குக்கராயினும், சோடா நீரை அதில் மூடி போட்டுக் கொதிக்க வைத்தல் கூடவே கூடாது. நுரை சென்று ஆவித்துளையை அடைத்துவிடும். அடியில் அலுமினியத் தகடோ செம்போ உள்ள பாத்திரத்தைச் சோடா நீருக்குள் முழுவதும் அமிழ்த்தாமல், உட்புறம் மட்டும் நீர் நிற்குமாறு செய்க.

இரும்புக் கம்பி நாரினால் எவர்சில்வரைத் தேய்ப்பதும் நன்றன்று. அதன் நுண்துகள்கள் கீறல்களில் தங்கித் துருப்பிடிக்கும். பார்ப்பவர் பாத்திரமே துருப்பிடித்ததாக எண்ணுவர். மணலும் செங்கற்பொடியும் கீறலையே உண்டாக்கும். உப்பும் எவர்சில்வருக்குப் பகைதான். குளிர்ந்த நீரில் இட்ட கல்லுப்பு கரையாமல் அடியிலேயே கிடந்தால், அவ்விடத்தில் ஊசிமுனை போன்ற குழிகள் விழும். நீர் கொதித்த பின் உப்பிட்டுக் கலக்கிவிடுவது பாத்திரத்தின் ஆயுளைக் கூட்டும்.

ஒருபோதும் செய்யத்தகாதவை

இனிச் சொல்வதைக் குடும்பத்தில் அனைவரும், சிறப்பாக வளர்ந்த பிள்ளைகளும், படித்தறிய வேண்டுகின்றோம்.

கழிப்பறை துலக்கும் ஆசிட்டைச் சமையல் பாத்திரத்தில் ஊற்றுவோர் உளர். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையோடு பாத்திரத்தின் கவசப் படலத்தையும் அது அரித்துவிடும். அதன் புகை தொண்டையை எரிக்கும். பிளீச்சிங் பவுடரும் அதன் நீர்மமும் அவ்வாறே எவர்சில்வரில் குழி விழச் செய்யும்.

இவ்விரண்டும் தனித்தனியே தீயவை, ஒன்றுசேர்ந்தால் கொடியவை. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் கலந்தாலும், அது ஆசிட்டாயினும் வினிகராயினும், குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகில் ஜெர்மானியப் படை எதிரிகள் மீது ஏவியது இவ்வாயுவையே. போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற அதே பொருளை, காற்றோட்டமில்லாத சமையலறையில் அறியாமலே ஒரு தாய் உண்டாக்கிவிடக்கூடும். அது காற்றைவிடக் கனமானது. ஆகையால் தரையையொட்டித் தங்கும். தரையில் தவழும் குழந்தைக்கு அது முதலில் எட்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அம்மோனியா கலந்த பொருளோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தாலும் நச்சுவாயு எழும். இன்ன பொருளில் இன்னது கலந்துள்ளது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டா. துலக்கும் பொருள்கள் இரண்டை ஒருபோதும் கலவாதிருப்பதே எளிய விதி.

காஸ்டிக் சோடாவையும் வீட்டிற்குள் கொண்டுவர வேண்டா. பெயரில் சோடா என்றிருப்பதால் அது ஆப்பசோடாவுக்கு உறவன்று. நீரிலிட்டால் தானே கொதிப்பேறும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பற்றக்கூடிய வாயுவை வெளிவிடும். தொழிற்கூடங்களில் பழகியோர் தக்க காப்போடு கையாளும் பொருள் அது.

மற்றொன்று. மீந்த ஆசிட்டையும் காரநீரையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் புட்டியின் உருவந்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. வாங்கிய கலத்திலேயே, எட்டாத உயரத்தில், பூட்டி வைப்பதே முறை.

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் இடர் நேரின் செய்யத்தக்கவை சில. கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் தூய நீரில் 20 நிமிடமேனும் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவரிடம் செல்க. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. இறங்கும்போது சுட்ட பொருள் ஏறும்போதும் சுடும். காரத்திற்கு மாற்றாக எலுமிச்சைச் சாறு கொடுப்பதும் தவறு. வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து, அப்பொருளின் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. கார நெடி எழுந்து மூச்சு முட்டினால், பாத்திரத்தை அப்படியே விட்டு அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பாத்திரத்தை எடுக்கவென்று திரும்ப உள்ளே நுழைதல் ஆகாது. 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும்.

விருந்துச் சமையலுக்கான பேரண்டாக்களைத் துலக்குவோருக்கும் ஒரு சொல். அண்டாவைச் சாய்த்து வைத்து, வெளியே நின்றே துலக்குக. சோடாவோ வேறெதுவோ இட்ட அண்டாவுக்குள் தலையை நுழைத்தும், சிறுவரை உள்ளே இறக்கியும் தேய்க்கச் செய்வதை நிறுத்துவோமாக. கொதிக்கும் காரநீர் நிறைந்த அண்டாவை இருவராகத் தூக்கிச் செல்லவும் வேண்டா. நின்ற இடத்திலேயே ஆறவிட்டு, பிறகு கவிழ்க்கலாம்.

அவசரம் எங்கே பிறக்கின்றது?

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் கண்டறிந்த ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். கருகிய பாத்திரத்தை ஓரிரவு ஊறவைக்க எவருக்கும் இயலும். ஆயினும் பலர் அவ்வாறு செய்வதில்லை. மாமியார் காணுமுன், கணவர் வேலையிலிருந்து திரும்புமுன், அது பளபளத்தாக வேண்டும் என்று அஞ்சுகின்றனர். சீர்வரிசையில் வந்த பாத்திரமாயின் அச்சம் இரட்டிப்பாகின்றது. அந்த அச்சந்தான் ஆசிட் புட்டியின் மூடியைத் திறக்கின்றது.

ஆதலால், இக்கட்டுரை அடுக்களையில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. வீட்டின் பெரியோரே, அடிபிடித்தவர் சோம்பியிருந்ததனால் பாத்திரம் கருகவில்லை. ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்ததனால் கருகிற்று. ‘போகட்டும், சோடா போட்டு வை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு சொல் சொல்வீர்களாயின், அந்த வீட்டில் ஆசிட்டுக்கு வேலையிராது. வீட்டின் ஆண்மக்களே, ஊறிய பாத்திரத்தை மறுநாட் காலையில் தேய்த்து அலசும் வேலையை நீங்களும் ஏற்கலாம்.

இன்றே உங்கள் சமையலறையையும் குளியலறையையும் ஒருமுறை பார்வையிடுங்கள். குளிர்பானப் புட்டியில் ஆசிட் இருந்தால் அதனைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற்கு உடனே அகற்றி, பெயரெழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். இனி அவ்வாறு ஊற்றி வைப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். சமையலறை அலமாரியில் ஒரு பொட்டலம் ஆப்பசோடாவும், ஒரு மரக்கரண்டியும், ஒரு பீர்க்கங்காய்க் கூடும் இருக்கட்டும். அடுத்த முறை பால் அடிபிடிக்கும்போது அவை போதும்.